கறையானின் கணக்கில் எல்லாம் ஒரே வீடு

ஈரோடு மாவட்டத்தில் உள்ள எங்கள் பூர்விகத் தோட்டத்தில் ஆறு கட்டடங்கள் இருக்கின்றன. பெரியவர்கள் கட்டிய ஓட்டு வீடு, பின்னாளில் எழுந்த தளம் போட்ட சிறிய வீடு, மாட்டுத் தொழுவம், விளைபொருள் வைக்கும் கிடங்கு, கிணற்றோரத்து மோட்டார் அறை, தோட்டத்து வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் வசிக்கும் ஓட்டுச் சாளை. பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே அடிக்கடி சென்று தங்கத் தொடங்கியபோதுதான், பெரிய வீட்டின் வாசல் நிலையில் மண் பூச்சு ஏறியிருப்பதைக் கண்டேன். பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை அழைத்து, சுவரோரம் துளையிட்டு மருந்து செலுத்தினோம். ஓராண்டு அமைதியாகக் கழிந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் குளியலறைக் கதவு நிலையில் அதே மண் பூச்சு. மீண்டும் மருந்து, மீண்டும் செலவு.

மூன்றாம் முறை, அரித்துப்போன நிலையை மாற்றுவதற்காக வந்த முதிய தச்சர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “மொதல்ல மோட்டார் ரூமைத் தொறங்க சார்” என்றார். எப்போதோ நடந்த கட்டட வேலையில் மிஞ்சிய சென்ட்ரிங் பலகைகள் அந்த அறையின் மண் தரையில் அடுக்கிக் கிடந்தன. குழாய் இணைப்பில் கசிந்த நீர் அவற்றை ஆண்டுக்கணக்கில் நனைத்திருந்தது. அடியிலிருந்த பலகையைத் தூக்கியதும் கறையான்கள் வெள்ளமாய் ஓடின. அங்கிருந்து வீட்டுக் குளியலறைக்குச் செல்லும் தண்ணீர்க் குழாயின் பள்ளத்தைத் தோண்டியபோது, குழாயை ஒட்டியே மண் பாதைகள் நீண்டு சென்றன. பிறகு அவர் ஒவ்வொரு கட்டடமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். சாளையின் கூரையில் ஒரு கைமரத்தில் அவர் குத்திய திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது. அந்த மரத்துக்கு நேர் கீழேதான் அந்தக் குடும்பத்தின் இரண்டு குழந்தைகளும் உறங்குவது வழக்கம்.

பெரிய வீட்டுக்காக இரண்டு முறை பணம் செலவழித்த நாங்கள், சாளைக்குள் ஒருமுறைகூட நுழைந்து பார்க்கவில்லை. நாங்கள் கட்டடத்தைக் கணக்கில் எடுத்தோம்; கறையானோ நிலத்தைக் கணக்கில் எடுத்திருந்தது. பல கட்டடங்கள் கொண்ட கிராமப்புற இடங்களில் கறையான் ஆய்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை விளக்குவதற்கு இந்த ஒரு வேறுபாடு போதும்.

மண், ஈரம், மரம்

கறையானை வெள்ளை எறும்பு என்று அழைக்கும் வழக்கம் உண்டு. உண்மையில் அது எறும்புக்கு உறவல்ல. கரப்பானுக்கு நெருங்கிய உறவு. உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் இருக்கின்றன; இந்தியாவில் மட்டும் சுமார் 300. இவற்றில் கட்டடங்களுக்குக் கேடு செய்பவை மிகச் சில. மற்றவை சருகையும் சாணத்தையும் பட்டுப்போன மரத்தையும் மக்கச்செய்து மண்ணுக்கே திருப்பித் தருகின்றன. நம் ஊர்ப் புற்றுகளில் வாழும் இனங்கள் பல, தின்ற மரத்துகளின் மீது ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து அதை உண்கின்றன. மழை பெய்ததும் புற்றருகே முளைக்கும் புற்றுக்காளான் அந்தப் பூஞ்சையின் வெளித்தோற்றமே.

வேலைக்காரக் கறையானுக்குக் கண் கிடையாது, உடல் மென்மையானது. வெயிலும் காற்றும் பட்டால் விரைவில் உலர்ந்து மடிந்துவிடும். ஆகவே அது மண்ணுக்குள்ளேயே நடமாடும். வெளியே வர நேர்ந்தால் மண்ணையும் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்து ஒரு கூரை போட்ட பாதையை அமைத்துக்கொள்ளும். சுவரில் நாம் பார்க்கும் பென்சில் பருமனுள்ள மண்கோடு இதுதான். மண்ணோடு தொடர்பு, ஈரம், மரமோ காகிதமோ போன்ற நார்ப்பொருள் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேரும் இடங்களைத் தேடிச் செல்வதே கறையான் ஆய்வு. மருந்து, கருவி, நிறுவனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

புற்று கண்ணில் படவில்லை என்பதால் கறையான் இல்லை என்று முடிவுசெய்வது பெரும் பிழை. மரத்தைத் தின்னும் இனங்களில் பல, தரைக்கு மேல் புற்று எழுப்புவதே இல்லை. மண்ணுக்கு அடியிலோ பட்ட மரத்தின் வேர்க்கட்டையிலோ குடியிருக்கும். இரை தேடிப் பல பத்து மீட்டர் தொலைவு செல்லக்கூடியவையும் உண்டு. அதேபோல, தோட்டத்து ஓரத்தில் ஒரு புற்று இருக்கிறது என்பதாலேயே வீட்டை அரிப்பது அந்தப் புற்றுதான் என்றும் சொல்லிவிட முடியாது. புற்றை வெட்டித் தாய்க்கறையானை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கையோடு வெட்டியவர்கள் பலர், அடுத்த ஆண்டு அதே கதவு நிலையைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

ஒரு வீடும் ஆறு கட்டடமும்

நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆய்வுக்கு எல்லை தெளிவானது. கிராமத்துத் தோட்டத்தில் அப்படியில்லை. அங்கே வீட்டைச் சுற்றிக் கறையானுக்கு வேண்டிய அனைத்தையும் நாமே அடுக்கி வைத்திருக்கிறோம். வைக்கோல்போர், விறகுக் குவியல், தென்னை மட்டை, வெட்டிய மரங்களின் அடிக்கட்டை, வேலிக்கம்பு, எருக்குழி, சாக்கு மூட்டை, பழைய மூங்கில் கூடை. கட்டடங்களை மண்ணுக்கு அடியில் இணைக்கும் தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிப் பள்ளங்களும் வேறு இருக்கின்றன. தோண்டி மூடிய பள்ளத்து மண் இறுகாமல் இருக்கும்; கசிவு இருந்தால் ஈரமும் சேரும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இதைவிட வசதியான பாதை வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நாம் செய்யும் கணக்கு எளிமையானது; ஆனால் தவறானது. ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் மதிப்பை வைத்து எடைபோடுகிறோம். பெரிய வீடு மதிப்பு மிக்கது. எனவே மருந்துச் செலவு தகும். மோட்டார் அறையில் என்ன இருக்கிறது? பழைய பலகையும் இரண்டு சாக்கும். அதற்கு எதற்குச் செலவு? தனித்தனியே பார்த்தால் இந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் மோட்டார் அறையின் கேடு மோட்டார் அறையோடு நிற்பதில்லை. ஒருவர் செயலின் விளைவை மற்றொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஆலைக் கழிவை ஆற்றில் விடுவது அதற்கான வழக்கமான எடுத்துக்காட்டு. தோட்டத்தில் ஆலையும் நாமே, ஆற்றோரக் குடியும் நாமே. விலையில்லாத கொட்டகையைப் பார்க்காமல் விட்டதன் செலவை விலையுயர்ந்த வீடு ஏற்கிறது.

ஒரு வீட்டைச் சுற்றி மட்டும் மண்ணுக்கு மருந்திட்டால் அந்த வீட்டுக்கு ஒரு வேலி கிடைக்கிறது. கூட்டம் அழிந்துவிடுவதில்லை, வெளியே இருந்தபடி இரை தேடிக்கொண்டே இருக்கும். வேலியில் எங்காவது ஓரிரு மில்லிமீட்டர் விரிசல் விட்டாலும் உள்ளே வந்துவிடும். புதிய குழாய் பதிக்கத் தோண்டுவது, சுவரோரம் பூச்செடிக்கு மண் அணைப்பது, வாசலில் படி கட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் அந்த வேலியை உடைக்கும் செயலே. எங்கள் வீட்டில் இரண்டாம் முறை மருந்திட்ட பிறகு குளியலறைக் குழாயை மாற்றினோம் என்பது தச்சர் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

வெளியிலிருந்து உள்ளே

ஆய்வை வீட்டு வாசலில் தொடங்கக் கூடாது. முதலில் ஒரு தாளில் தோட்டத்தின் படத்தைக் கையால் வரைந்துகொள்ள வேண்டும். கட்டடங்கள், கிணறு, தொட்டி, குழாய் செல்லும் வழி, வெட்டிய மரங்களின் கட்டைகள், வைக்கோல்போர், விறகு, புற்றுகள் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். கட்டடங்களுக்கு எண் கொடுத்துவிட்டால் ஆண்டுதோறும் ஒப்பிட எளிது. ஒரு டார்ச் விளக்கு, ஒரு திருப்புளி, ஒரு சாக்பீஸ், ஒரு குறிப்பேடு போதும்.

முதல் சுற்று, கட்டடங்களுக்கு இடைப்பட்ட நிலம். விறகையும் மட்டையையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மண்ணைத் தொட்டுக் கிடக்கும் அடிவரிசையில்தான் தடயம் இருக்கும். வேலிக்கம்பை மண்மட்டத்தில் குத்திப் பார்க்க வேண்டும். தென்னை மரத்துப் பட்டையில் மண் பூச்சு கண்டால் உடனே அஞ்ச வேண்டியதில்லை; பெரும்பாலும் அது காய்ந்த புறப்பட்டையைத் தின்பதாகவே இருக்கும். தென்னங்கன்றுகளில் கண்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனாலும் அந்த மரம் எந்தக் கட்டடத்துக்கு அருகில் நிற்கிறது என்பதைப் படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சுற்று, ஒவ்வொரு கட்டடத்தின் வெளிப்புறம். அடிமானம் தரைக்கு மேல் தெளிவாகத் தெரிகிறதா, அல்லது மண்ணும் குப்பையும் அதை மூடியிருக்கின்றனவா? சுவரோரம் கூரைத் தண்ணீர் விழுகிறதா? சுவரில் சாய்த்து வைத்த பலகை, ஏணி, கம்புகளை நகர்த்திப் பார்க்க வேண்டும். கறையானுக்கு நாம் அமைத்துக் கொடுக்கும் படிக்கட்டுகள் அவை.

மூன்றாம் சுற்று உட்புறம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. மோட்டார் அறையில் குழாய்க் கசிவும் ஸ்டார்ட்டர் பொருத்திய மரப்பலகையும். தொழுவத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும் தீவனத் தொட்டியின் ஓரமும், மண்ணில் நட்ட மரக்கால்களும், ஓலைக் கூரையும். கிடங்கில் சுவரை ஒட்டி அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் யாரும் பார்க்காத சுவர். மூட்டைக்கும் சுவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி விட்டால் ஆய்வும் எளிது, காற்றும் உலாவும். ஓட்டு வீடுகளில் கைமரம் சுவரில் உட்காரும் இடம். தளம் போட்ட வீட்டில் சுவருக்குள் பதித்த மின்குழாய்கள். சுவிட்ச் பெட்டியைச் சுற்றி மண் கசிந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின்பணியாளரைக் கொண்டுதான் திறக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் அறைகளைக் கட்டாயம் திறக்க வேண்டும். கறையானுக்கு மிகவும் பிடித்தவை மனிதர் நுழையாத அறைகளே.

பத்திரமும் பழைய கணக்கேடுகளும் இருக்கும் மரப்பெட்டியையும் அலமாரியையும் கடைசியில் பார்க்கலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிச் சென்ற ஏடுகளில் எத்தனையோ அவர் போய்ச் சேருமுன் செல்லரித்துப் போயிருந்தன. 2023ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில், வங்கிப் பெட்டகத்தில் ஒரு பெண்மணி சேர்த்து வைத்திருந்த 18 லட்சம் ரூபாய் நோட்டுகள் கறையானுக்கு இரையான செய்தியைப் பலரும் படித்திருப்பர். இரும்புப் பெட்டகத்துக்கே அந்த நிலை என்றால், சுவரை ஒட்டிய மர அலமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தடயங்களைப் படித்தல்

மரத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டினால், நல்ல மரம் இறுக்கமாக ஒலிக்கும். உள்ளே அரிக்கப்பட்ட மரம் காலிப் பெட்டிபோல ஒலிக்கும். கறையான் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும் என்பதால் கண்ணை நம்புவதைவிடக் காதை நம்புவது நல்லது. தேக்கின் வைரமும் முற்றிய பனையின் வைரமும் எளிதில் இடம்கொடுப்பதில்லை. ஆனால் ‘தேக்கு’ என்று வாங்கிய சட்டத்தின் ஓரத்தில் வெளிர்நிற வெளிமரம் சேர்ந்திருந்தால் கறையான் அங்கிருந்து தொடங்கும். பிளைவுட் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மரத்திலிருந்து மாவுபோல உதிர்ந்தால் அது பெரும்பாலும் துளைக்கும் வண்டின் வேலை. மண் தெரிந்தால் கறையான். கசகசாவைப் போன்ற சிறு உருண்டைகள் குவிந்திருந்தால், மண் தொடர்பே இல்லாமல் உலர்ந்த மரத்துக்குள் வாழும் வேறொரு வகைக் கறையான் இருக்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை வேறு வேறு. மண்ணுக்கு மருந்திடுவது முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பயன்படாது. ஆய்வு இல்லாமல் மருந்து போடுவதன் வீண்செலவு இங்கேதான் தொடங்குகிறது.

மண் பாதையைக் கண்டால் முழுவதையும் துடைத்து எறிந்துவிடக் கூடாது. நடுவில் ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் உடைத்து, பக்கத்தில் சாக்பீஸால் தேதி எழுத வேண்டும். ஓரிரு நாளில் உடைத்த இடம் ஈரமண்ணால் அடைக்கப்பட்டிருந்தால் அங்கே நடமாட்டம் இருக்கிறது. அடைக்கப்படவில்லை என்றால் பாதை கைவிடப்பட்டதாக இருக்கலாம்; ஆனால் கூட்டம் போய்விட்டது என்பதற்கு அது சான்றாகாது. தேடலைத் தொடர வேண்டும்.

ஈசலும் ஒரு தடயமே. முதல் மழையில் வெளிச்சத்தை நாடி வெளியிலிருந்து பறந்துவரும் ஈசல் இயல்பானது; கிராமத்தில் அதைப் பிடித்து வறுத்துத் தின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தரை வெடிப்பிலிருந்தோ சுவரோரத்திலிருந்தோ ஈசல் கிளம்பினால், வளர்ந்து முதிர்ந்த கூட்டம் ஒன்று கட்டடத்துக்கு அடியிலேயே இருக்கிறது என்று பொருள். பூட்டிய அறையின் சன்னலோரத்தில் உதிர்ந்த சிறகுகள் குவிந்து கிடந்தாலும் அவ்வாறே ஐயுற வேண்டும்.

இந்த ஆய்வை ஆண்டுக்கு இருமுறை செய்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் முழுமையாக ஒருமுறை; கோடை மழையின் ஈசலுக்குப் பிறகு சுருக்கமாக ஒருமுறை. ஆஸ்திரேலியத் தர விதி, கறையான் ஆய்வு குறைந்தது 12 மாதங்களுக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்கிறது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 6313 என்ற தர விதி மூன்று பகுதிகளாக இருக்கிறது. கட்டுமான முறையிலேயே தடுப்பது, கட்டும்போது மண்ணுக்கு மருந்திடுவது, கட்டிய கட்டடத்துக்கு மருந்திடுவது ஆகியவற்றை அது விளக்குகிறது. இதை வீடு கட்டும் பலர் கேள்விப்பட்டதே இல்லை. நம் முன்னோர் எந்த விதியையும் படிக்காமலே மரத்தூணைக் கல்லின் மேல் நிறுத்தினார்கள். வைக்கோலைக் கல்மேடையில் அடுக்கினார்கள். மரம் மண்ணைத் தொடக் கூடாது என்ற ஒரே பாடம்தான் இரண்டிலும் இருக்கிறது.

பரிசோதகரிடம் என்ன கேட்பது?

நாமே பார்த்த பிறகு, ஐயமிருந்தால் தொழில்முறைப் பரிசோதகரை அழைக்க வேண்டும். நம் நாட்டில் ஆய்வு செய்பவரும் மருந்து விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. ‘ஆய்வு இலவசம்’ என்ற விளம்பரத்தின் பொருள், ஆய்வின் செலவு மருந்தின் விலைக்குள் இருக்கிறது என்பதே. இதில் அறக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாத நிலையில் பேரம் பேசுகிறோம் என்பதை உணர வேண்டும். அந்த இடைவெளியைக் குறைப்பது நம் கையில் உள்ள படமும் குறிப்பேடும்தான்.

ஆய்வுக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்துவிடுவது நீண்ட காலத்தில் சிக்கனமானது. நகரத்திலிருந்து ஒருவர் தோட்டத்துக்கு வந்து போக மூன்று மணி நேரம் ஆகிறது. ஒரு கட்டடத்தைப் பார்க்க அரைமணி போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வீட்டைப் பார்க்கச் சொன்னால் அவருடைய மூன்றரை மணி நேரத்துக்கும் அந்த வீடே விலை கொடுக்கிறது. ஆறு கட்டடங்களையும் பார்த்தால் ஆறு மணி நேரம். அதாவது ஒரு கட்டடத்துக்கு ஒரு மணி நேரம். வந்துவிட்டவரிடம் கூடுதலாக ஒரு கொட்டகையைக் காட்டுவதற்கு ஆகும் இறுதிநிலைச் செலவு மிகக் குறைவு. அக்கம்பக்கத்துத் தோட்டத்தாரும் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் அது இன்னும் குறையும்.

அறிக்கையை எழுத்தில் கேட்க வேண்டும். அது கட்டடம் வாரியாக இருக்க வேண்டும். எங்கே கண்டது, எந்த வகை, நடமாட்டம் உள்ளதா, ஏன் வந்தது என்பவற்றோடு, பார்க்க முடியாத இடங்கள் எவை என்பதும் அதில் இருக்க வேண்டும். மூட்டை மறைத்த சுவரைப் ‘பழுதில்லை’ என்று எழுதுவதற்கும் ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அமெரிக்காவில் வீட்டுக் கடனுக்காகப் பல இடங்களில் கறையான் அறிக்கை கேட்கப்படுகிறது. அங்கும் அறிக்கையில் குறிப்பிட்ட கட்டடத்துக்குத்தான் அது பொருந்தும். தனியே நிற்கும் கொட்டகையைச் சேர்க்கச் சொல்லவில்லை என்றால் அது சேராது. நம் ஊரில் தரப்படும் உத்தரவாதச் சீட்டையும் அப்படித்தான் படிக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த நிபந்தனையில் என்று பார்க்க வேண்டும். எங்கள் சீட்டில் ‘வீடு’ என்ற ஒரே சொல்தான் இருந்தது.

வணிக முறையில் பூச்சிக் கட்டுப்பாடு செய்பவர், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்வது அவமதிப்பல்ல.

மருந்து கடைசி வழி

ஒரு காலத்தில் கறையானுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் போன்றவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினர். பல்லாண்டு மண்ணில் அழியாமல் தங்கும் அவற்றை 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தடைப்பட்டியலில் வைத்தது. இந்தியாவிலும் அவை தடைசெய்யப்பட்டுள்ளன. இன்று குளோர்பைரிபாஸ், இமிடாகுளோப்ரிட், பைபென்த்ரின் போன்றவை பயன்பாட்டில் உள்ளன. இவற்றுள் குளோர்பைரிபாஸையும் சில விலக்குகளோடு அதே பட்டியலில் சேர்க்க 2025இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. இன்றைக்குப் பாதுகாப்பானது என்று விற்கப்படுவது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

தோட்டத்தில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். குடிநீர்க் கிணறு அருகில் இருக்கிறது. மாடு சுவரை நக்கும். கோழி தரையைக் கிளறும். குளோர்பைரிபாஸும் பைபென்த்ரினும் மீனுக்குக் கொடிய நஞ்சு, இமிடாகுளோப்ரிட் தேனீக்கு. பட்டுப்புழு வளர்ப்பு மனை உள்ள தோட்டங்களில் தெளிப்பின் சிறு துளி காற்றில் வந்தாலும் ஒரு முழுத் தொகுதிப் புழுவும் மடியக்கூடும். எனவே தோட்டம் முழுவதும் மருந்தைக் கொட்டுவது தீர்வாகாது. ஆய்வு சரியாக இருந்தால் மருந்து வேண்டிய இடம் சுருங்கிவிடும். கசிவை அடைப்பது, பலகையைக் கல்லின் மேல் ஏற்றுவது, அடிமானத்தை மூடிய மண்ணை அகற்றுவது, மரக்கட்டையைத் தோண்டி எடுப்பது ஆகியவற்றுக்கு மருந்தே தேவையில்லை. வீட்டுக்கு எட்டாத தொலைவில், வரப்போரத்தில் நிற்கும் புற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம். அது நிலத்துக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

யார் செலவு?

தோட்டங்களில் ஆய்வு நடக்காததற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. பல இடங்களில் சொத்து பாகம் பிரியாமல் இருக்கிறது. பிரிந்த இடங்களில் பெரிய வீடு அண்ணனுக்கு, கிடங்கு தம்பிக்கு, தொழுவம் பொதுவில் என்று கிடக்கிறது. பொதுவில் உள்ள தொழுவத்துக்கு யார் செலவு செய்வது? எல்லோருக்கும் உரியதை எவரும் பேணுவதில்லை என்பது பொருளியலில் பழைய பாடம். பங்காளிகள் நகரங்களில் இருக்க, கட்டடங்கள் பூட்டிக் கிடக்க, கறையான் ஒன்றே அங்கு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. கிணற்றுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வதுபோல ஆண்டு ஆய்வுக்கும் ஒரு சிறு தொகையைப் பங்காளிகள் ஒதுக்குவது கடினமான காரியமல்ல.

தோட்டம் வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழ் பார்க்கிறார்கள், பட்டா பார்க்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் பார்க்கிறார்கள். கட்டடங்களின் கைமரத்தைத் தட்டிப் பார்ப்பவர் அரிது. முன்பணம் கொடுக்கும் முன் அரை நாள் ஒதுக்கி எல்லாக் கட்டடங்களையும் பார்த்துவிட்டால், விலை பேசும்போது அந்தக் குறிப்பேடே பேசும். வாங்கிய பின் தெரியவரும் அரிப்புக்கு இழப்பீடு கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டுக் காப்பீடும் பொதுவாகத் தீ, புயல், வெள்ளம் போன்ற திடீர் இழப்புகளுக்கானது. மெல்ல மெல்ல நடக்கும் கறையான் அரிப்பு அதில் சேராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சாளைதான். தோட்டத்துக் கட்டடங்களில் நாம் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். பல நேரம் பார்ப்பதே இல்லை. அங்கே வசிப்பவருக்குக் கூரையின் நிலை தெரிந்திருக்கலாம். அதைச் சொன்னால் உரிமையாளருக்குச் செலவு. செலவு வைத்தால் இருப்பிடத்துக்கே ஆபத்து வருமோ என்ற தயக்கம். கறையான் தின்ற மரத்தின் இழப்பைத் தச்சரின் கூலியில் கணக்கிட்டுவிடலாம். அதற்குக் கீழே உறங்குபவரின் இடரை எந்தக் கணக்கில் எழுதுவது? நான் நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த கணக்குகளில் அதற்கு இடம் இருந்தது. என் சொந்தத் தோட்டத்துக் கணக்கில் இல்லை.

அந்த வாரமே சாளையின் கூரையைப் பிரித்தோம். ஏழு கைமரங்களில் மூன்றை மாற்ற வேண்டியிருந்தது. மோட்டார் அறையின் பலகைகளை வெளியேற்றிக் கசிவை அடைத்தோம். குழாய்ப் பள்ளத்துக்கும் பெரிய வீட்டுக் குளியலறைக்கும் மட்டும் மருந்திட்டோம். முன்பு செலவழித்ததைவிடக் குறைவாகவே ஆனது. தை மாத ஆய்வின்போது இப்போது சாளையில் குடியிருக்கும் அந்த அம்மாவும் எங்களோடு நடந்து வருகிறார். படத்தில் அவர்களுடைய வீட்டுக்குத்தான் முதல் எண் கொடுத்திருக்கிறோம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், ஓய்வு)